கொங்கு நாட்டில் கிடைக்கும் மரத்தில் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: எங்கே விட்டுப்பிடிக்கலாம், எங்கே கூடாது

கிட்டாரின் வெளி வடிவம் 5 மி.மீ. பிசகினால் யாருக்கும் தெரியாது. நடுக்கோடு 2 மி.மீ. சாய்ந்தால் ஓரத்துத் தந்தி, விரல் ஓடும் கழுத்தான நெக்கை விட்டு நழுவும். நெக்கில் குறுக்கே பதிக்கும் கம்பியான ஃப்ரெட் ஒன்று அரை மி.மீ. தள்ளிப் போனால் அந்த இடத்தில் சுருதி ஒருநாளும் சேராது. பாலிஷுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அளவெடுக்கக் கொடுங்கள்.

முதல் கிட்டாருக்கு போல்ட்டில் பூட்டும் நெக், அசையாத தட்டைப் பிரிட்ஜ் (உடலில் தந்தியைத் தாங்கும் பாகம்), ஒன்றோ இரண்டோ பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) போதும். உடலிலிருந்து உயர்ந்து நிற்கும் பிரிட்ஜ் என்றால் நெக்கைச் சாய்த்துப் பூட்ட வேண்டியிருக்கும். அது இரண்டாவது கிட்டாருக்கு. பிரிட்ஜ், டியூனர் (தந்தியை முறுக்கும் சாவி), பிக்கப், ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் கம்பி) எல்லாம் கைக்கு வந்தபிறகு மரத்தில் கை வையுங்கள். விற்பவர் தரும் அளவும் வந்து சேரும் பொருளின் அளவும் பல சமயம் ஒத்துப்போவதில்லை.

உடலுக்கு 450 × 350 × 45 மி.மீ. பலகை தேவை. இரண்டு துண்டை ஒட்டியும் எடுக்கலாம். வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளரும் சில்வர் ஓக் மேட்டுப்பாளையம், பொள்ளாச்சிப் பக்க மர மில்களுக்கு வருகிறது. கனம் அதிகமில்லை, இழைத்தால் அழகான ரேகை தெரியும். தூள் சிலருக்குத் தோலில் அரிப்புத் தரும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். மலைவேம்பு இன்னும் லேசு, ஆனால் இளம் மரத்தில் ஸ்க்ரூ பிடிப்பு தளரும். நெக்குக்குப் பழைய வீடு இடித்த தேக்கு உத்திரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஆடி அசைந்து அடங்கிய மரம் அது. அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டி, உள்ளே ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். நார் நேராக ஓட வேண்டும், முடிச்சு இருக்கவே கூடாது.

மரம் காய்ந்ததா என்பதற்கு மில்காரர் வாக்கை விடத் தராசு நல்லது. பலகையை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை இறங்காவிட்டால் அறுக்கலாம். மாசி பங்குனியில் வறண்டு கிடக்கும் இந்த ஊர்களுக்கு ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வருகிறது. காயாத நெக் அந்த இரண்டு பருவத்துக்குள் முறுக்கிக்கொள்ளும், அதை ட்ரஸ் ராடாலும் நேராக்க முடியாது.

நெக்கின் தலைப்பில் தந்தி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை, தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. என்று வையுங்கள். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்: 36.37. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்து, வருவதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 5-வது 162.55, 7-வது 215.51, 12-வது சரியாகப் பாதி, 324, 22-வது 466.16. குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். சாதாரண ரம்பம் போடும் பள்ளம் அகலம், ஃப்ரெட் கம்பி நிற்காது, 0.6 மி.மீ.க்குள் அறுக்கும் ரம்பம் வேண்டும். இது பயமாக இருந்தால் நெக்கை மட்டும் வாங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நீங்களே செய்தால் நட்டில் அகலம் 42 மி.மீ., முதல் ஃப்ரெட்டில் தடிமன் 21. தேக்கில் எண்ணெய் உண்டு. ஃப்ரெட் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டை ஒட்டும் முன் தின்னரால் துடைக்காவிட்டால் பசை உரிந்து வரும். ஃப்ரெட்டுகளைச் சமன் செய்ய, ஒரு இரும்புப் பட்டையை சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்துத் தட்டையாக்கி, அதில் உப்புத்தாள் ஒட்டுங்கள். பட்டறைக்குக் கோவையில் பஞ்சமா?

உடலுக்கு முதலில் 12 மி.மீ. எம்.டி.எஃப்.பில் அச்சு. ஜிக்சாவில் 2 மி.மீ. விட்டு அறுத்து, பேரிங் வைத்த பிட்டால் ராவுட்டரை அச்சோடு ஓட்டுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 5 மி.மீ. ஆழம்தான்; பேராசைப்பட்டால் கொம்பு வளைவில் நார் பிய்ந்து வரும். நெக் உட்காரும் குழி 16 மி.மீ. ஆழம், அகலம் உங்கள் நெக்கை வைத்து அளந்தபடி. ஸ்க்ரூ இல்லாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் உடலும் கூட வர வேண்டும். பூட்டுவதற்கு உடலின் பின்பக்கம் 3 மி.மீ. தட்டும் 45 மி.மீ. ஸ்க்ரூ நான்கும் போதும். உடலில் போடும் ஓட்டை ஸ்க்ரூ தாராளமாக நுழையும்படி இருக்கட்டும். மரை நெக்கை மட்டும் பிடித்தால்தான் இரண்டும் இறுகும்.

பிரிட்ஜ் ஓட்டையை நெக் பூட்டியபின் போடுங்கள். இரு ஓரத் தந்தி இடத்திலும் நூல் கட்டி, நெக்கின் இருபுறமும் சமமாக விளிம்பு தெரிகிறதா பாருங்கள். பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டுதான் சாடில். மெல்லிய தந்தியின் சாடிலை முன்னால் தள்ளி வைத்தால் நட்டிலிருந்து 648 வர வேண்டும். தடித்த தந்திக்கு இன்னும் 3, 4 மி.மீ. பின்னால் இடம் வேண்டும்.

பாலிஷுக்கு உப்புத்தாள் 120, 220, 320, பிறகு சீலர், லேக்கர். தூறல் நாளில் லேக்கர் அடித்தால் வெள்ளை பூக்கும். நெக் குழிக்குள் பூச்சு படக் கூடாது.

இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500 கிலோஓம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு), ஒற்றைச் சுருளுக்கு 250, டோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மோட்டார் ரீவைண்டிங் கடை தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர்தான், ஆனாலும் பிக்கப் சுற்ற 0.063 மி.மீ. கம்பி, ஏறத்தாழ 8,000 சுற்று வேண்டும். பம்ப் மோட்டார் சுற்றும் கம்பி பிக்கப்பின் சட்டத்தில் அடங்காது. முதலில் வாங்கிப் போடுங்கள். குழிகளுக்குள் செப்பு டேப் ஒட்டி எர்த்தோடு சேருங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்கு ஒரு ஒயர் கட்டாயம். அதை மறந்துவிட்டுத்தான் பலர் ஆம்ப் இரைகிறது என்று பிக்கப்பைத் திட்டுகிறார்கள். பாட்டின் முதுகில் ஈயம் பிடிக்க 25 வாட் அயர்ன் திணறும். 40-க்கு மேல் வேண்டும்.

தந்தி கட்டி ஒருநாள் விடுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7-வது ஃப்ரெட்டில் 0.2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். 12-வது ஃப்ரெட்டில் தந்தி உயரம் 1.6 முதல் 2 மி.மீ. கடைசியாக அங்கே அழுத்தி மீட்டும் ஒலியை, அதே இடத்தில் விரலால் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கோடு, சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஒவ்வொரு தடவை தள்ளியதும் தந்தியை மறுபடி சுருதி கூட்டிவிட்டுப் பாருங்கள்.