அறிவியல் அடிப்படைகளைத் திருப்பிப் பார்க்க ஒரு வெற்றுத்தாள் போதும்

நடுநிலை வகுப்பு அறிவியலைத் திருப்பிப் படிக்க உட்காரும்போது, பாடத்தை முதல் வரியிலிருந்து மீண்டும் வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ஏன்" என்று கேட்கும் ஒரு கேள்விக்கு நினைவிலிருந்தே விடை எழுதிப் பார்ப்பது மிகுந்த பலன் தரும். பேனா எந்த இடத்தில் நின்றுவிடுகிறதோ, அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் தேடிப் படியுங்கள்.

பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில்தான், அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். உண்மையான காரணம், பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பது. ஒரு பந்தின் நடுவே கம்பியைச் செருகி, அதன் சாய்வு ஒரே திசையை நோக்கியிருக்கும்படி பிடித்து, எரியும் விளக்கைச் சுற்றிக் கொண்டுவந்தால், பந்து விளக்கின் ஒரு பக்கத்தில் இருக்கும்போது அதன் மேற்பாதியில் நேராகவும், எதிர்ப்பக்கம் வரும்போது சரிந்தும் வெளிச்சம் விழுவதைக் கண்ணாலேயே காணலாம். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

உயிரியலில், மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வராமல் காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் நீரிலிருந்தும் எப்படி வருகிறது என்று எழுதிப் பாருங்கள். இயற்பியலில், நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் நிறை ஏன் மாறுவதில்லை என்று விளக்குங்கள். இரண்டு நாள் கழித்து, அதே கேள்விகளுக்குப் புதிய தாளில் மறுபடியும் எழுதுங்கள்.