மெக்ரிட்சியைச் சுற்றி ஜோடியாக ஒரு நீண்ட நடை: புதியவர்களுக்கான செய்முறை

மலை ஏரி என்று சொல்லிக்கொள்ள சிங்கப்பூரில் எதுவும் இல்லை. இருப்பதிலேயே உயரமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். டக்ஸ்டன் பினாக்கல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் 50ஆம் தளத்தில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் துணி காயப்போடுகிறார்கள். ஆனால் காட்டுக்குள், மேடும் பள்ளமுமாக, ஒரு நீர்ப்பரப்பைச் சுற்றி அரைநாள் நடக்கவேண்டும் என்றால் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் இருக்கிறது. முழுச் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். டிசம்பர் விடுமுறையில் கொடைக்கானல், ஊட்டி என்று கிளம்ப இருக்கும் ஜோடிகளுக்கும் இதைவிட நல்ல ஒத்திகை இங்கே கிடையாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஆளைச் சாய்ப்பது ஏற்றம் இல்லை, வெயிலும் புழுக்கமும். இரண்டு பேர் நடக்கும்போது அதோடு இன்னொன்றும் சேர்கிறது: ஒருவர் வேகமாக நடப்பார், ஒருவர் மாட்டார். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டையும் சமாளிக்கத்தான்.

1. கிழமையைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்தச் சுற்றின் நடுவில் வரும் ட்ரீடாப் வாக் தொங்கு பாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும் (பொது விடுமுறை என்றால் திறந்திருக்கும்). செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கும், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் 8.30க்கும் திறக்கும். கட்டணம் இல்லை. பராமரிப்பு வேலைக்காக இடையில் மூடுவதும் உண்டு என்பதால், முதல்நாள் இரவே தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

காலை 7 மணிக்கெல்லாம் நீர்த்தேக்கப் பூங்காவில் நிற்கவேண்டும். இங்கே பொழுது விடிவதே அப்போதுதான். ‘ஞாயிற்றுக்கிழமைதானே, பசியாறிவிட்டு மெதுவாகப் போகலாம்’ என்று பத்து மணிக்கு இறங்கினால், நடையின் கடினமான பாதி உச்சிவெயிலில் வரும். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. மதியம் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுவதுதான் கணக்கு.

2. இரண்டு வாரம் படி ஏறுங்கள்

உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் வேண்டாம். உங்கள் புளோக்கின் படிக்கட்டு போதும். வாரம் மூன்று நாள், சாப்பாட்டுக்கு முன், பத்துப் பன்னிரண்டு மாடி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது மின்தூக்கியைப் பிடித்துவிடாதீர்கள். முட்டி வலி வருவதே இறக்கத்தில்தான்.

3. காலணி புதிதாக இருக்கக்கூடாது, நாடா தளர்வாக இருக்கக்கூடாது

விலை உயர்ந்த மலையேற்றக் காலணி மெக்ரிட்சிக்குத் தேவையில்லை. அடியில் நல்ல பிடிப்புள்ள, ஏற்கெனவே பழகிய ஓட்டக் காலணி போதும். பருத்திக் காலுறை மட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உராய்ந்து, கொப்புளம் போட்டுவிடும்.

நாடா கட்டும் முறை ஒன்று சொல்கிறேன், இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். பெரும்பாலான காலணிகளில் கணுக்காலுக்குக் கிட்ட, எல்லாத் துளைகளுக்கும் மேலே, கூடுதலாக ஒரு துளை சும்மா இருக்கும். நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்து மேல்துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். ஒரு சின்ன வளையம் மிஞ்சும். மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது நாடாவை இடது வளையத்துக்குள்ளும், இடது நாடாவை வலது வளையத்துக்குள்ளும் விட்டு, இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். பாலம் தாண்டியதும் மரப்படிகள் நிறைய வரும். அங்கே கால் முன்னால் சரிந்து பெருவிரல் நகம் இடிபடுவது இதனால் நிற்கும்.

4. ஆளுக்கொரு பை

இருவருடைய தண்ணீரையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்காரர் முதுகில் ஏற்றிவிடுவது நம் பழக்கம். அன்பாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. அவர் நூறு அடி முன்னால் போய்விட்டால், தாகம் எடுத்த நேரத்தில் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கூப்பிடச் சங்கடப்பட்டுக் குடிக்காமலே நடப்பீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர், அவரவர் பையில். அதில் ஒரு பாட்டில் ஹண்ட்ரட் பிளஸ் அல்லது உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறாக இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பி வராது.

சாப்பிட எலுமிச்சைச் சோறோ புளியோதரையோ டப்பாவில். மோர்ச்சோறு இந்த வெயிலுக்குத் தாங்காது. மழை அங்கி, கொசு மருந்து, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, முழுக்க மின்னேற்றிய கைப்பேசி. அவ்வளவுதான்.

5. மெதுவாக நடப்பவர் முன்னால்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இது அதுவாக இருக்கட்டும். வேகமானவர் முன்னால் போனால் என்ன நடக்கும்? அவர் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார். பின்னால் வருபவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், ‘வந்துட்டியா, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார். ஓய்வு முழுக்க ஓய்வு தேவைப்படாதவருக்கே போகும். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் வீட்டில் அவருடைய ஒரு எட்டு எனக்கு ஒன்றரை எட்டு. அதனால் நான் முன்னால், அவர் பின்னால். ஒரு முழு வாக்கியம் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். ‘என்னங்க, கொஞ்சம் நில்லுங்க’ என்று கேட்கும்வரை காத்திருக்காமல், மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் கட்டாயம் உட்காருங்கள், களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

6. பாதை

கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிப் பதினைந்து நிமிடம் போல நடந்தால் நீர்த்தேக்கப் பூங்கா. கழிப்பறையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அடுத்தது வர நேரமாகும். 1868இல் கட்டி முடித்த இந்த நீர்த்தேக்கம்தான் சிங்கப்பூரில் ஆகப் பழையது. நகராட்சிப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922இல்தான் வைத்தார்கள்.

வடகரையில் ஆரம்பியுங்கள். தொடக்கத்தில் நீரையொட்டிப் பலகைப் பாதைகள் உண்டு. ஆமைகளும் உடும்பும் கண்ணில் படும். கிளைப்பாதைகளுக்கு மரங்களின் பெயர்கள்: புரூனஸ், பெத்தாய், ஜெரிங், செம்பெராய். மிளகாய்ச் சம்பாலில் கொட்டையைப் போட்டுச் சாப்பிடுவோமே, அதே பெத்தாய் மரம்தான். காலை வெயில் ஏறுவதற்குள் மெக்ரிட்சி இயற்கைப் பாதை வழியே காட்டுக்குள் ஏறி, பாலம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு மேடுகளை இணைக்கிறது அந்தப் பாலம். 250 மீட்டர் நீளம், மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். ஒருவழிப் பாதை; நடுவில் பயம் வந்துவிட்டது என்று திரும்ப முடியாது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர் முன்னால் போகட்டும், பார்வை பாலத்தின் மறுமுனையில் இருக்கட்டும். பின்னால் வருபவர் தயவுசெய்து பாலத்தை ஆட்டி விளையாடவேண்டாம்.

பாலத்துக்கு அப்புறம் பெத்தாலிங் பாதையின் படிகள். அங்கிருந்து வனக்காவலர் நிலையத்துக்கு வந்தால் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. சாப்பாட்டுக்கு இதுதான் இடம். பிறகு சைம் பாதை வழியாகத் தெற்கே இறங்கி, லோர்னி பாதையைப் பிடித்தால் சுற்று முடிகிறது. லோர்னி பாதை காட்டோடு போனாலும் சாலை இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அழகில் அதற்கு நான் மதிப்பெண் கொடுக்கமாட்டேன். ஆனால் கால் ஓய்ந்த நேரத்தில் பக்கத்திலேயே பேருந்து நிறுத்தம் இருப்பது பெரிய ஆறுதல்.

7. குரங்குகள்

நீளவால் குரங்குகளுக்கு நெகிழிப்பையின் சலசலப்பு நன்றாகத் தெரியும். கையில் பை தொங்கினால் அதில் சாப்பாடு என்றே முடிவு கட்டிவிடும். பிஸ்கட் பாக்கெட்டை நடந்துகொண்டே பிரிக்காதீர்கள். கிட்ட வந்தால் ஓடவும் வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். பல் தெரிவது அதற்கு மிரட்டல். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். ‘பாவம், பசிக்குது போல’ என்று ஒரு வாழைப்பழம் நீட்டினால், முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

8. எங்கே விட்டுவிடுவது என்று முன்பே பேசிவையுங்கள்

இதைக் காட்டுக்குள் நின்று பேசினால் ஒருவர் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். வீட்டில், தே குடிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பாலத்துக்கு முன்னாலேயே முடியவில்லை என்றால் வீனஸ் டிரைவ் பக்கம் இறங்கி அப்பர் தாம்சன் சாலைக்கு வரலாம். அங்கே ரொட்டி பராட்டா கிடைக்கும், தோற்ற மாதிரியே இருக்காது.

இடிச் சத்தம் கேட்டால் பாலத்தை மறந்துவிடுங்கள். மோசமான வானிலையில் அதை மூடிவிடுவார்கள். கிளைகள் முறிந்து விழும் என்பதால் பெரிய மரத்தடியில் ஒதுங்கவேண்டாம். தலைசுற்றல், குமட்டல், புழுக்கத்திலும் குளிர்வது போன்ற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு நடை முடிந்தது. நிழலில் உட்கார்த்தி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் நிதானம் தவறினாலோ உடனே 995ஐ அழையுங்கள்.

9. முடித்த பிறகு

காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டிருந்தால் படுத்துக் கிடக்காமல் அரைமணி நேரம் சும்மா நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு பேருக்கும் இந்தச் சுற்று பழகிவிட்டால், ஜூரோங்கிலிருந்து கோனி தீவு வரை போகும் 36 கிலோமீட்டர் கோஸ்ட் டு கோஸ்ட் பாதையை எடுத்துக்கொள்ளலாம். முதல்முறை அதை இரண்டு வாரயிறுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.