ஹைட்ரஜன் தண்ணீரும் எங்க வீட்டுக்காரரின் கிட்னியும்

26 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவள் நான். ஆசிட்டில் மெக்னீசியம் ரிப்பனைப் போட்டுத் தீக்குச்சியைக் காட்டினால் ‘பொப்’ என்று வெடிக்குமே, அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் கிட்னிக்கு நல்லதாம். மகள், தண்ணீரைக் கரண்டால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒரு சார்ஜ் போடும் பாட்டிலும், தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் வரும் ஒரு டப்பா மாத்திரையும் அனுப்பிவிட்டாள். இவருக்கு சர்க்கரையால் கிட்னி கெட்டு, இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு) 28தான்.

முதல் வேலையாக மாத்திரையை ஒதுக்கினேன். அதில் இருப்பது மெக்னீசியம் உலோகம். 1 மில்லிகிராம் ஹைட்ரஜன் வந்தால் 12 மில்லிகிராம் மெக்னீசியம் டம்ளரிலேயே தங்கும். நல்ல கிட்னி அதைச் சிறுநீரில் தள்ளிவிடும், இவருடையது தள்ளாது. ரத்தத்தில் சேர்ந்தால் உடம்பு தளரும், பிரஷர் இறங்கும், நாடித்துடிப்பு குறையும். மெக்னீசியம் கலந்த ஜெலுசில் வகையறாவையே கிட்னி டாக்டர்கள் யோசித்துத்தான் தருவார்கள். அந்த மாத்திரைகள் டியூஷன் பிள்ளைகளுக்கு ‘பொப்’ காட்டவே தீர்ந்தன.

பாட்டில் வாங்குபவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆக்சிஜனைத் தனியே வெளியேற்றும் சவ்வு உள்ளே இருக்கிறதா? இல்லையென்றால் குளோரினும் ஓசோனும் தண்ணீரிலேயே கலக்கும். பட்டனை அழுத்தியதும் தண்ணீர் கழனித்தண்ணி மாதிரி வெளுத்து, கொஞ்சத்தில் தெளியும். மோந்து பாருங்கள். ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. நீச்சல் குளத்து வாடை வந்தால் கீழே ஊற்றிவிடுங்கள்.

தெளிந்த கையோடு குடித்துவிட வேண்டும். சாதாரண அழுத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1.6 மில்லிகிராம்தான் கரையும். திறந்து வைத்தால் அதுவும் பறந்துவிடும். இவர் ஒருநாள் பழக்கதோஷத்தில் டபராவில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்!

டாக்டர் இவருக்கு ஒரு நாளைக்கு 1 லிட்டர் தண்ணீர்தான் அளந்து கொடுத்திருக்கிறார். பாட்டிலின் 250 மில்லியும் அதற்குள்தான். “இது மருந்துதானே” என்று ஒரு வாரம் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். சாயங்காலம் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது, நீர் கோத்துக்கொண்டது.

பலன் உண்டா? ஜப்பானில் சிஸ்பிளாட்டின் என்ற கேன்சர் மருந்து கொடுத்த எலிகளுக்கு ஹைட்ரஜன் தண்ணீர் கிட்னி பாதிப்பைக் குறைத்தது. 2009-இல் வந்த ஆய்வு. அங்கேயே டயாலிசிஸ் நோயாளிகள் 309 பேரைக் கவனித்து 2018-இல் வெளியிட்டதும் நம்பிக்கை தருவதுதான். ஆனால் அது டயாலிசிஸ் திரவத்தில் ஹைட்ரஜன் சேர்த்தது, குடித்தது இல்லை. குடித்துக் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் இறங்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அதனால் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. பாட்டில் வந்தபின் இரண்டு முறை டெஸ்ட் எடுத்தாயிற்று: கிரியேட்டினின் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.