பழைய மேசைக் கணினியின் தொடக்க நிரல்களைச் சீர்செய்தல்

கொழும்பு வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டிலுள்ள மேசைக் கணினி 2014 ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. அதன் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்த பிறகே ஒரு கடிதம் தட்டச்சுச் செய்யலாம் என்ற நிலை வந்தபோது, திருத்தக் கொண்டுபோன கடையில் புதியது வாங்கும்படி சொல்லிவிட்டார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின் புதிய கணினி என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு இலேசான செலவல்ல. ஆகவே ஒரு ஞாயிறு மாலை நான் அதன் முன் அமர்ந்து பார்த்தேன். விண்டோஸ் எழும்போதே தாமும் எழுந்துகொள்ளும் நிரல்கள் அதில் இருபத்திரண்டு இருந்தன. அக்கா அறிந்து சேர்த்தவை அவற்றில் இரண்டு மட்டுமே.

இவ்வளவு நிரல்கள் ஒன்றாக எழுவது பழைய கணினியை ஏன் இப்படி முடக்குகிறது என்பதை விளங்கிக்கொண்டால், எதை நிறுத்துவது என்று முடிவெடுப்பது எளிதாகும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் தரவைப் படிக்கும் முனை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். அங்கிருந்து நகர்ந்து இன்னோர் இடத்தைப் படிக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு ஆகிறது. காலை ஏழு மணிக்கு அடுக்குமாடியின் எல்லாத் தளங்களிலிருந்தும் ஒரே லிஃப்டை அழைத்தால் என்ன நடக்குமோ அதுவே வன்தட்டிலும் நடக்கிறது. தனித்தனியே வந்திருந்தால் விரைவாக முடிந்திருக்கும் வேலைகள், ஒன்றாக வந்ததால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நிற்கின்றன. தொடங்கி முடித்த நிரல்களிற் பலவும் பின்னர் ரேம் நினைவகத்தில் தங்கிவிடுவதால், 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் பகல் முழுவதும் அந்த இழுபறி தொடரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் நேரத்தை அளந்து தாளில் எழுதுங்கள். திரையில் படம் தோன்றும் கணத்தை அளப்பதில் பயனில்லை. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் முதல் ஆவணம் திறந்து, எழுத்துகள் தடையின்றி விழத் தொடங்கும் கணமே உண்மையான அளவு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருப்பதால், ‘ஷட் டவுன்’ செய்தாலும் பணிசெயல் முறைமையின் ஒரு பகுதி வன்தட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே மீட்டெடுக்கப்படுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து அளந்தால்தான் முன்னதையும் பின்னதையும் நேர்மையாக ஒப்பிடலாம். அக்காவின் கணினிக்கு அன்று ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

இனி, விண்டோஸ் 10 இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மனேஜர்’ திறக்கும். அது சிறிய பெட்டியாக வந்தால் கீழேயுள்ள ‘மோர் டீட்டெயில்ஸ்’ என்பதைச் சொடுக்கி, மேலேயுள்ள ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் செல்லுங்கள். விண்டோஸ் 11 இல் இப்பகுதி இடப்பக்கத்தில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ என்று இருக்கும். அங்கே ஒவ்வொரு நிரலுக்கும் நேரே ‘ஸ்டார்ட்அப் இம்பக்ட்’ என்ற நெடுவரிசையில் ஹை, மீடியம், லோ என்று குறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோசொஃப்ட் இதை இரண்டு அளவுகளால் தீர்மானிக்கிறது: தொடங்கும்போது செயலியில் 1 செக்கனுக்கு மேலோ, வன்தட்டில் 3 எம்பிக்கு மேலோ எடுக்கும் நிரல் ‘ஹை’, இரண்டிலும் 300 மில்லிசெக்கனுக்கும் 300 கேபிக்கும் குறைவாக எடுப்பது ‘லோ’. 3 எம்பி என்பது மிகச் சிறிய அளவு. ஆகவே ‘ஹை’ என்ற சொல்லைக் கண்ட உடனே எதையும் நிறுத்திவிடாதீர்கள்; எவற்றை முதலில் ஆராய வேண்டும் என்பதற்கே அது வழிகாட்டி.

நிறுத்தும் முறை எளிது: நிரலின் மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘டிஸேபிள்’ என்பதைத் தெரிவு செய்தால் போதும். இதனால் நிரல் அழிந்துவிடாது. வேண்டும்போது நீங்களே அதைத் திறக்கலாம், மனம் மாறினால் அதே இடத்தில் ‘எனேபிள்’ கொடுக்கலாம். எதை நிறுத்துவது என்பதுதான் கடினம். அதற்கு நான் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: கணினியைத் திறந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள், நான் அழைக்காமலே இது வேலை செய்தாக வேண்டுமா? அச்சுப்பொறியின் மை அளவைக் காட்டும் நிரல், பாட்டு நிரல், விளையாட்டுக் கடைகளின் நிரல்கள், கூட்டங்களுக்கான வீடியோ அழைப்பு நிரல்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் விடை இல்லை என்பதே. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து பல ஆண்டுகளான பின்னும், அக்காவின் கணினி ஒவ்வொரு காலையும் அலுமாரிக்குள் கிடக்கும் பழைய இணைய டொங்கிளைத் தேடிக்கொண்டிருந்தது. இத்தகையவற்றை நிறுத்துவதோடு விடாமல் முற்றாக நீக்கிவிடுவதே சரி.

பெயரைக் கொண்டு அடையாளம் காண முடியாததை உடனே தொடாதீர்கள். வலப்பொத்தானில் ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்தால் அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது தெரியும். கோப்புறையின் பெயரே பெரும்பாலும் அதன் உரிமையாளரைச் சொல்லிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மட்டும் நிறுத்தி, மீளத் தொடக்கி, ஒரு நாள் பாவித்துப் பார்த்துவிட்டு அடுத்தவற்றுக்குச் செல்லுங்கள்.

இந்தப் பொறுமையின் தேவையை நான் கற்றது கொட்டாஞ்சேனையில் ஓர் உறவினர் வீட்டில். அங்கே ஒரே மூச்சில் பன்னிரண்டை நிறுத்திவிட்டு வந்தேன். மறுநாள் காலை, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்து வரவில்லை என்று அவர் தொலைபேசியில் கலங்கினார். ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டச்சுச் செய்து பழகிய அவருக்கு அந்த அமைப்பைத் தந்த சிறு நிரலும் நான் நிறுத்தியவற்றில் ஒன்று. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, கீமேன் போன்ற தமிழ்த் தட்டச்சு நிரல்களில் எதைப் பாவித்தாலும் அதைத் தொடக்கப் பட்டியலில் விட்டுவையுங்கள். அது பிடிக்கும் இடம் மிகச் சிறிது, அது இல்லாவிட்டால் கணினியே நமக்கு அந்நியமாகிவிடும்.

நச்சுநிரல் காப்பையும் நிறுத்தக் கூடாது. ஆனால் காலாவதியான பழைய காப்பு நிரல் ஒன்று, விண்டோஸுடனேயே வரும் காப்பான விண்டோஸ் டிஃபெண்டருடன் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முறைப்படி நீக்குங்கள். பிள்ளைகளின் ஒப்படைகள் மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் சேமிக்கப்படுகின்றனவெனில் அந்நிரல் ஓடிக்கொண்டிருந்தால்தான் பிரதி மேலே போகும் என்பதால் அதை வைத்திருங்கள். கணக்கே திறக்காத வீட்டில் அது வீண்சுமை.

சில நிரல்கள் நிறுத்தினாலும் திரும்பி வரும். அவற்றைத் திறந்து, அவற்றின் ‘செட்டிங்ஸ்’ பகுதியிலேயே தாமாகத் தொடங்கும் தெரிவை அணைக்க வேண்டும். குரோமில், மூடிய பின்னும் பின்னணியில் ஓடும் தெரிவும், எட்ஜில் ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ என்ற தெரிவும் ‘சிஸ்டம்’ பகுதியில் உள்ளன. ரேம் குறைந்த கணினியில் இரண்டையும் அணைத்துவிடலாம். மேலும், விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி வரும் பெட்டியில், ஷெல் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்ற சொல் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். அங்கே கிடக்கும் குறுக்குவழிகளும் ஒவ்வொரு முறையும் ஓடுபவையே. வேண்டாதவற்றை அங்கிருந்து நீக்கலாம்.

விண்டோஸின் பின்னணிப் பணிகளைக் காட்டும் ‘சேர்விசஸ்’ பட்டியலுக்குள் மட்டும் அனுமானத்தில் கைவைக்க வேண்டாம். அங்குள்ளவை ஒன்றையொன்று சார்ந்தவை. பிழையான ஒன்றை நிறுத்தினால் இணையமோ ஒலியோ அச்சிடலோ நின்றுவிடக்கூடும். ஒரே சொடுக்கில் வேகமாக்கித் தருவோம் என்று விளம்பரமாகும் இலவச நிரல்களையும் தவிருங்கள். அவற்றிற் பல தாமே தொடக்கப் பட்டியலில் வந்து அமர்பவை.

அக்காவின் பட்டியல் இருபத்திரண்டிலிருந்து ஆறாகக் குறைந்தபோது, ஆறு நிமிடம் ஏறத்தாழ மூன்றாகியது. மீதி மூன்றும் சுழலும் வன்தட்டின் இயல்பான வேகம். அதற்கு மேல் எந்தத் தெரிவை அணைத்தும் பயனில்லை. அந்நிலையை அடைந்தவர்கள் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் ஒரு சிறிய எஸ்எஸ்டி சேமிப்பகத்தின் விலையை விசாரிக்கலாம். அதில் நகரும் முனை இல்லாததால் காத்திருப்பின் பெரும்பகுதி அகன்றுவிடும், புதிய கணினியின் விலையில் சிறு பங்கே செலவாகும். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன என்பதையும் அந்தச் செலவுக்கு முன் எண்ணிப் பாருங்கள். அக்கா இப்போதைக்கு மூன்று நிமிடமே போதும் என்கிறார். நிறுத்திய பதினாறு நிரல்களின் பெயர்களையும் எழுதிய தாளை விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். புதிதாக எதையாவது நிறுவும் போதெல்லாம் டாஸ்க் மனேஜரைத் திறந்து அந்தத் தாளுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.