வேலை வரிசையில் கற்ற ஆங்கிலம்

கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கெட், சோப்பு, பெட்ஷீட் எல்லாம் தமிழிலேயே புழங்குவதால் பொருள்களின் பெயரில் சிக்கல் இல்லை. வெளிநாட்டு விருந்தினரிடம் திணறவைத்தது வினைச்சொற்கள்தான். எதற்கெடுத்தாலும் 'க்ளீன்' என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கினேன். அகர வரிசைப் பட்டியல், மண்டையில் ஏறவில்லை. சரி என்று, வேலை நடக்கும் வரிசையிலேயே ஒரு நோட்டில் எழுதினேன், வினையையும் பொருளையும் பிரிக்காமல். பழைய விரிப்பை உருவுவது 'ஸ்ட்ரிப் த பெட்'. புதிதை விரித்துச் சீராக்குவது 'மேக் த பெட்'. துணியை ஊறவைக்க 'சோக்', அலச 'ரின்ஸ்', பிழிய 'ரிங் அவுட்', காயப்போட 'ஹேங் அவுட்', மடிக்க 'ஃபோல்ட்'. தரையைப் பெருக்க 'ஸ்வீப்', அப்புறம் ஈரமாகத் துடைக்க 'மாப்'. மேசையில் தூசி தட்ட 'டஸ்ட்', ஈரத்துணியால் துடைக்க 'வைப்'. கை வேலை செய்யும்போதே வாய்விட்டுச் சொல்வேன். கேட்டுச் சிரிக்க ஆள் இருந்தால் இன்னும் நன்றாகப் பதிகிறது.

பாத்திரம் கழுவுவதை பிரிட்டன்காரர்கள் 'டூ த வாஷிங் அப்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'டூ த டிஷஸ்'. அமெரிக்கர் 'வாஷ் அப்' என்றால் பெரும்பாலும் கை, முகம் கழுவப் போகிறார்.

புத்தகத்தில் இல்லாத சில சொற்கள் இந்த மலைக்குக் கட்டாயம் வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் கம்பளியெல்லாம் பூஞ்சை வாடை அடிக்கும். அந்த ஈரப்பதத்துக்கு 'டேம்ப்', பூஞ்சைக்கு 'மில்டியூ', கம்பளியைக் காற்றாட விடுவதற்கு 'ஏர் த ப்ளாங்கெட்ஸ்'. இப்போது யாராவது முகம் சுளித்தால், 'ஐ வில் ஏர் இட்' என்று சொல்லி, வேறு கம்பளி கொடுத்துவிடுகிறேன்.