ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரில் பிடித்துக்கொண்ட ஜெட்டைக் கழற்றுவது எப்படி?

வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை எடுத்து உதைத்தால், சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும். பெரும்பாலும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும், நடுவில் துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகு. நம் ஊர் மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பதும் இதைத்தான். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி இது. அதில் இருக்கும் மிக்குனி கார்புரேட்டரைப் பிரிப்பது சுலபம், பித்தளை ஜெட்டை முழுசாக வெளியே எடுப்பதுதான் சிரமம். நான் முதல் முறை கையில் கிடைத்த திருப்புளியை வைத்துத் திருகி, ஜெட்டின் தலைவெட்டு மொத்தமும் வழித்துக்கொண்டு போனது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

முதலில் பெட்ரோல் நாபை மூடுங்கள். கார்புரேட்டருக்கு வரும் ஒவ்வொரு குழாயையும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். மேல்மூடியைத் திறந்து, ஆக்சிலரேட்டர் கேபிளின் முனையில் இருக்கும் ஸ்லைடையும் அதிலுள்ள நீடில் என்ற ஊசியையும் கேபிளோடு வெளியே இழுத்து, ஒரு துணியில் சுற்றித் தொங்க விடுங்கள். பிறகு கார்புரேட்டரை வண்டியிலிருந்து கழற்றி எடுங்கள். இந்த வேலை முழுவதும் காற்றோட்டமான இடத்தில்தான். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

அடுத்து அடியில் உள்ள பவுல், அதாவது பெட்ரோல் தேங்கும் கிண்ணம். அதன் ஸ்க்ரூக்கள் பார்க்க ஸ்டார் மாதிரி இருந்தாலும் ஜப்பான் அளவு. ஜே.ஐ.எஸ். முனை கிடைத்தால் வாங்கிவிடுங்கள், சாதா ஸ்டார் முனை மேலேறி வழுக்கும். பவுலுக்குள் பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக உறைந்திருக்கும், வார்னிஷ் வாடை அடிக்கும். ஜெட்டின் மரையில் இறங்கிப் பிடித்திருப்பதும் இந்தப் பிசின்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால் வெள்ளைப் பொடியாக அரிப்பும் சேர்ந்திருக்கலாம்.

பவுலுக்குள் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டின் பின்னை மெல்லத் தள்ளி எடுங்கள். அதைத் தாங்கும் தூண்கள் தட்டினால் உடையும். காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், உள்ளே முட்டும்வரை மெதுவாகத் திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் எடுத்தாகிவிட்டதா? சரி, இப்போது ஜெட்டுக்கு வரலாம்.

நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது மெயின் ஜெட். ஆறுமுகத் தலை இருந்தால் பாக்ஸ் ஸ்பேனர் போதும். பக்கத்தில் குழிக்குள் ஆழமாக இருப்பது பைலட் ஜெட். சண்டித்தனம் செய்வது இதுதான். திருப்புளியின் முனை அதன் வெட்டை நீளத்திலும் தடிப்பிலும் முழுசாக நிரப்ப வேண்டும். ஆட்டினால் ஆடக் கூடாது. தடிப்பாக இருந்தால் அரத்தால் உரசிச் சரிசெய்யுங்கள். இந்த அரை மணி நேர வேலையை மட்டும் தவிர்க்காதீர்கள்.

துருவை இளக்கும் ஸ்ப்ரேயைக் குழிக்குள் அடித்து, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் எண்ணெய், பெட்ரோல் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, தள்ளி வேறிடத்தில் கொதிக்க வைத்த தண்ணீரைப் பழைய பாத்திரத்தில் ஊற்றி, பாடியை அதில் பத்து நிமிடம் போடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளரைப் பிரிக்க வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் வைப்போமே, அதே வழிதான். பாடியின் உலோகம் பித்தளையைவிட அதிகம் விரியும், பிடி தளரும். நெருப்பு காட்டவே வேண்டாம்.

சூட்டோடு துணியில் பிடித்து மரக்கட்டைமேல் வையுங்கள். வைஸில் நேராக இறுக்கினால் பாடி நசுங்கும். திருப்புளியை வெட்டில் நேராக நிறுத்தி, தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. பிறகு பலமாகக் கீழே அழுத்தியபடி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, அப்புறம் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் விட்டுவிட்டது. வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். மறுபடி ஸ்ப்ரே, மறுபடி சுடுதண்ணீர். எனக்கு ஒருமுறை மூன்று நாள் ஆனது.

வெட்டு ஏற்கெனவே வழித்திருந்தால்? மெயின் ஜெட்டின் தலையில் ஹேக்சா பிளேடால் புது வெட்டு போடலாம். குழிக்குள் இருக்கும் பைலட் ஜெட் என்றால் நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வீட்டு டிரில்லை வைத்தால் பாடியின் மரையும் சேர்ந்து போகும்.

வெளியே வந்த ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசி முனை அளவு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கார்ப் கிளீனர் அடித்து, காற்று பிடித்து, அடைப்பு போகாவிட்டால் மின்வயரின் ஒற்றைச் செம்புக் கம்பியால் மட்டும் குத்துங்கள். ஊசி, இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். வெட்டு சேதமானதை மாற்றிவிடுங்கள், பழைய ஜெட்டின்மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஜெட்டை முதலில் விரலாலோ வெறும் திருப்புளி நுனியாலோ மரையில் ஏற்றுங்கள். உட்கார்ந்ததும் ஒரு சின்ன அழுத்தம் போதும். பவுலுக்குப் புது கேஸ்கெட், ஏர் ஸ்க்ரூவுக்கு எழுதி வைத்த சுற்று. வண்டியைச் சூடாக்கிச் சோக்கை எடுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது (ஐடிலில்) ஓடாமல் அணைந்தால், பைலட் ஜெட்டைத் திரும்பக் கழற்றி, அது உட்காரும் குழியிலிருந்து போகும் சின்னத் துவாரங்களுக்கும் காற்று பிடியுங்கள்.