ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கஞ்சி: ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்

எட்டாம் மாதம் எடை பார்த்தபோது எங்கள் பையனுக்கு முந்தைய மாதத்தைவிடக் கொஞ்சமும் ஏறவில்லை. பகலில் நானும் அவன் அப்பாவும் வயலில் இருப்போம், ஊட்டுவது மாமியார். "மூணு வேளையும் கிண்ணம் காலியாகுதே!" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே. பொய்யில்லை, காலியாகத்தான் ஆனது. கோளாறு கிண்ணத்துக்குள் இருந்தது.

6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது தெரிந்த கதை. அதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. பாத்திரம்

பிள்ளைக்கென்று தனிக் கிண்ணம், ஒரு சின்ன ஸ்பூன். பெரியவர் தட்டிலிருந்து ஊட்டினால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. 250 மி.லி. தண்ணீர் ஊற்றினால் விளிம்புவரை நிற்கிற கிண்ணமாகத் தேடி எடுத்தேன். மாமியாரிடம் மி.லி. கணக்குப் பேச வேண்டியதில்லை, "அரைக் கிண்ணம்" என்றால் போதும். பால் புட்டியில் கஞ்சி கொடுப்பது எனக்கு அறவே பிடிக்காது. ஓட்டையில் இறங்க வேண்டுமே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவோம், கழுவுவதும் பெரும்பாடு. மிக்ஸியும் வேண்டாம், ஸ்பூனின் முதுகால் மசித்தாலே போதும்.

2. பதம் (நான் சறுக்கிய இடம்)

நர்ஸம்மா எங்கள் கஞ்சியை ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்தார். மொத்தமும் வழிந்து ஓடிவிட்டது. "இதுல பாதிக்கு மேல தண்ணிம்மா" என்றார்.

பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. பிடிக்கும். 7 கிலோ பிள்ளை என்றால் 210 மி.லி., அவ்வளவுதான். அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும், சத்து மட்டும் போயிருக்காது. நாங்கள் "நல்லாத் தூங்குறான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்!

ஸ்பூனைச் சாய்த்தால் கஞ்சி ஒட்டி நிற்க வேண்டும், மெதுவாக நழுவலாம், சொட்டக் கூடாது. கெட்டியாகக் கொடுத்தால் தொண்டை அடைக்கும் என்று மாமியார் பயந்தார். கட்டியில்லாமல் மசித்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூன் நுனியில் கொடுத்தால் விழுங்கிவிடும். முதல் சில நாள் நாக்கால் வெளியே தள்ளும். பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, பழகுகிறது.

3. என்ன கலப்பது

தானியம் மட்டும் போதாது. அதோடு பருப்பு அல்லது முட்டை, மீன், கறியில் ஒன்று, மசித்த கீரையோ காயோ, கடைசியில் ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய். பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறாம் மாத வாக்கில் தீரத் தொடங்கும், அதனால் முட்டையையும் கறியையும் ஒரு வயதுக்குத் தள்ளிப்போடாதீர்கள். பருப்பு, கீரையோடு புளிப்பான பழம் கொஞ்சம் கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தேன் மட்டும் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது.

4. அளவு

தொடக்கத்தில் 2, 3 ஸ்பூன். 8 மாதம்வரை தினம் 2, 3 வேளை, மெல்ல மெல்ல அரைக் கிண்ணம்வரை. 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை அரைக் கிண்ணம், ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். நடுவில் ஒன்றிரண்டு தடவை பழம் மாதிரி ஏதாவது. தாய்ப்பால் 2 வயதும் தாண்டித் தொடரலாம்.

பிற்சேர்க்கை: கெட்டியானால் துப்புகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தானியத்தை முளைகட்டிக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, வறுக்காமல் அரைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியை இறக்கிச் சற்று ஆறியதும் அந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால், முளைகட்டிய தானியத்தில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து, தண்ணீர் சேராமலே, சத்துக் குறையாமல் கஞ்சியை இளக்கிவிடும். மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறவைத்து ஊட்டுங்கள். கொதிக்கிற கஞ்சியில் மாவைப் போட்டால் நொதி செத்துவிடும், நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று: காலையில் காய்ச்சியதை மத்தியானம்வரை வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. மாமியாருக்கு இரண்டு தடவை அடுப்புப் பற்றவைக்கிற வேலை என்பதால், கஞ்சிக்கு வேண்டிய மாவைத் தண்ணீர் சேர்க்காமல் கலந்து டப்பாவில் போட்டுவைத்துவிட்டு வயலுக்குப் போகிறேன். அவர் வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சிக்கொள்கிறார், இப்போது ஸ்பூனைச் சாய்த்துப் பார்ப்பதும் அவர்தான்.